அன்று காலை கறந்தது யார்?

மிஸ் ஓபர்லே அரைப் பக்கம் கேட்டிருக்கிறார்.
கதைச் சுருக்கம் வேண்டாமாம்,
படித்தபோது என்ன தோன்றியதோ அது போதுமாம்.

எனக்குத் தோன்றியது இது:
மூன்றாம் அத்தியாயத்தில்
விடியுமுன்
ஒருவரிடமும் சொல்லாமல்
கதவைச் சாத்திவிட்டுப் போகிறான் அவன்.
வயல்மேல் பனி, வேலியின் கறுப்பு,
கிழக்கே ஒரு கீற்று என்று
நாலு பக்கத்துக்கு வானம் வருகிறது.
தொழுவத்தில் பதினோரு மாடுகள் நிற்பதாக
முதல் அத்தியாயத்திலேயே சொல்லியாகிவிட்டது.
அன்று காலை அவற்றை
யார் கறந்தது?

பின் அட்டை இந்த நாவலை
அமெரிக்க இலக்கியத்தின் ஆணிவேர் என்கிறது.
இருக்கலாம்.
இந்தப் பருவம் முழுக்க எங்கள் பாடத்தில்
யாராவது கிளம்பிக்கொண்டேதான் இருக்கிறார்கள்,
கப்பலில், சரக்கு ரயிலில், வெறுங்காலில்.
எழுத்தாளரும் கூடவே போய்விடுகிறார்.
ஒருவராவது பின்தங்கி
மாட்டுக்குத் தண்ணீர் காட்டியதில்லை.

பன்னிரண்டு மணி நேரம் தாண்டினால்
மடி கல்லாகும்.
பால் தானாகவே சொட்டும்.
மறுநாள் காய்ச்சல்.
இது உவமை இல்லை, மிஸ் ஓபர்லே.

பத்துக்கு ஆறு வந்தது.
ஓரத்தில் பச்சை மையில்:
"நாவலை விட்டு விலகிப் போகிறாய்."

விலகிப் போனது நானில்லை.

போன மார்ச்சில், உறைபனி இளகிய வாரம்,
என் அண்ணன் கார்ஸ்டன் போனான்.
வானத்தை யாரும் வர்ணிக்கவில்லை;
விஸ்கான்சினில் மார்ச் மாத வானம்
கழுவாத பால்கேன் நிறம்.
குளிர்தொட்டியின் மூடிமேல்
ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது:
"நாற்பத்தொன்றுக்கு
இடது பின்காம்பு வீங்கியிருக்கிறது.
வெந்நீர் ஒத்தடம் கொடு."
அவ்வளவுதான்.
அப்பா அதை இரண்டு முறை படித்தார்,
மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்,
நேரே நாற்பத்தொன்றிடம் போனார்.

அதற்கு அப்புறம்
நாலரை மணி என்னுடையது.
முதல் வகுப்பில் எனக்குப் பக்கத்து நாற்காலி
பெரும்பாலும் காலி.
சோப்பு போட்டுத் தேய்த்துத்தான் வருகிறேன்,
ஆனாலும் தலைமுடி காட்டிக்கொடுத்துவிடும்.

டகோமாவில் கூரை வேலையாம் அவனுக்கு.
கடலைப் படமெடுத்து அனுப்புகிறான்.
அம்மா விரல்களால் விரித்து விரித்துப் பார்க்கிறாள்,
அலைக்குள் அவன் இருக்கிறானா என்று.
நான் பதில் போடுவதில்லை.
போட்டால் ஒரே வரி:
காம்பு ஆறிவிட்டது.

இதையெல்லாம் இரண்டாவது அரைப் பக்கத்தில் எழுதி
கிழித்துப் போட்டேன்.
மதிப்பெண்ணுக்காக அண்ணனைக் கொடுக்க முடியாது.

இன்று காலை
பத்தொன்பதாம் அத்தியாயத்தில் இருந்தேன்.
கறவை எந்திரத்தின் சத்தத்தில்
டக்-டக், டக்-டக் என்று
வரிகள் நன்றாக ஓடும்.
அவன் இப்போது ஏதோ பெருநகரத்தில்,
கையில் காசு, காலில் நல்ல பூட்ஸ்.
தெருவில் ஒரு வைக்கோல் வண்டி போகிறது.
அவன் தொப்பியைக் கழற்றுகிறான்.
வண்டி திருப்பத்தில் மறையும்வரை
கையிலேயே வைத்திருக்கிறான்.

ஏன் என்று எழுதவில்லை.
அடுத்த வரியில் மழை வந்துவிடுகிறது.

திரும்பப் படித்தேன்.
இன்னும் ஒரு முறை.
தொப்பியை எந்தக் கையில் பிடித்திருப்பான் என்று
யோசித்துக்கொண்டு நின்றேன்.
கார்ஸ்டன் இடக்கைக்காரன்.

அதற்குள்
நாற்பத்தொன்றின் மடி வற்றி வெகு நேரமாகி,
உறிஞ்சுகுழல் வெறும் காம்பை இழுத்துக்கொண்டிருக்க,
அது உதைத்தது.
வாளி போனது, புத்தகம் போனது,
என் முழங்கையில் நல்ல அடி.
அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை எனக்கு.

ஆகவே, மிஸ் ஓபர்லே,
மூன்றாம் அத்தியாயத்தைப் பற்றிய என் கேள்வி
அப்படியே நிற்கிறது.
ஆனால் பதினைந்து நிமிடம்
இங்கேயும் ஆள் இல்லை.

முந்நூற்று ஒன்றாம் பக்கத்தில் இருக்கும் கறை
சாணம்தான்.
அபராதம் எவ்வளவு என்று நூலகத்தில் கேட்டுச் சொல்லுங்கள்,
வெள்ளிக்கிழமை பால் காசு வந்ததும்
கட்டிவிடுகிறேன்.